டிரிஃப்ட் காரின் சில்லுக் கோணங்கள்: மைதான அளவும் மலைவீதி அளவும்

டிரிஃப்ட் எனப்படுவது, பின்சில்லுகளின் பிடியை வேண்டுமென்றே குலைத்து, வாகனத்தின் பின்பாகம் வெளிப்புறமாக வழுக்கிச் செல்கையில் முன்சில்லுகளை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்து வளைவைக் கடக்கும் ஓட்டுமுறையாகும். இம்முறையில் முன்சில்லுகள் ஏற்கும் வேலை சாதாரண வீதி ஓட்டத்தில் அவை ஏற்கும் வேலையிலிருந்து பெரிதும் வேறுபடுவதால், தொழிற்சாலை நிர்ணயித்த சில்லுக் கோணங்கள் அதற்குப் போதுவதில்லை. அக்கோணங்களைத் தூக்குக்குண்டு, நூல், மட்டக்கோல் ஆகிய எளிய கருவிகளைக் கொண்டு வீட்டு முற்றத்திலேயே அளந்து, ஒழுங்கான வரிசையில் மாற்றிக்கொள்ளும் முறையை இவ்வத்தியாயம் விளக்குகிறது.

தெல்தெனியவில் இருந்துகொண்டு இதில் ஈடுபடுபவருக்கு ஒரு கூடுதல் பொறுப்பு உண்டு. அங்கிருந்து எந்த மூடிய தளத்துக்குச் செல்வதானாலும், வாகனம் லொறியில் ஏற்றப்படாவிட்டால், முதலில் ஏ26 எனப்படும் கண்டி–மஹியங்கனை வீதியில் ஓடியாக வேண்டும். மேற்கே திரும்பினால் திகன, குண்டசாலை வழியான நெரிசலும், கிழக்கே திரும்பினால் ஹுன்னஸ்கிரிய ஏற்றமும், அதற்கப்பால் மஹியங்கனைப் பக்கம் இறங்கும் பதினெட்டு வளைவும் எதிர்ப்படும். மைதானத்தில் சிறப்பாக ஓடும் கோணங்கள் ஈரமான இறக்கத்தில் பிரேக் பிடியைக் குறைப்பவை. ஆகவே இங்குள்ள வாகனத்துக்கு ஒரே அளவு போதாது; மைதான அளவு, வீதி அளவு என இரண்டை வகுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தவறின்றி மாறும் வழியையும் அமைத்துக்கொள்ள வேண்டும். இவ்வத்தியாயத்தின் முறைகள் அனைத்தும் இந்தத் தேவையை முன்னிட்டே ஒழுங்குசெய்யப்பட்டுள்ளன.

பொது வீதியில் டிரிஃப்ட் செய்வது இந்நூலின் எப்பகுதியிலும் கருதப்படவில்லை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் பொறுப்பற்ற செலுத்தல் குற்றமாகும் என்பது ஒருபுறமிருக்க, எதிரே வரும் பஸ்ஸையோ பாடசாலைப் பிள்ளைகளையோ வளைவுக்கு அப்பால் காண முடியாத வீதிகள் இவை. ஜப்பானின் மலைப்பாதைகளில் பழகி இக்கலையைப் பரப்பிய கெய்ச்சி சுச்சியாவும் பிற்காலத்தில் டீ1 கிராண்ட் பிரீ என்ற போட்டித் தொடரைத் தோற்றுவிப்பதில் பங்கெடுத்து, அதை மூடிய ஓட்டத்தளங்களுக்குள் கொண்டு சென்றார்.

வாகனத்தைத் தெரிவுசெய்தல்

பின்சில்லுகளால் உந்தப்படும் வாகனமே டிரிஃப்டுக்கு ஏற்றது. இலங்கையில் இன்னும் கிடைக்கக்கூடிய நிசான் சன்னி பி310, டொயோட்டா கொரொல்லா கேஈ70, ஸ்டார்லெட் கேபீ61, லான்சர் பொக்ஸ் ஆகிய நான்கும் இவ்வகையின. அவற்றின் முன்புறத்தில் ஸ்ட்ரட் எனப்படும் ஷொக் அப்சோபரும் சுருளும் ஒன்றிணைந்த தூணும், பின்புறத்தில் இரு சில்லுகளையும் ஒரே தண்டில் பிணைக்கும் திட அச்சும் அமைந்துள்ளன. பிஎம்டபிள்யூ ஈ36 போன்ற வாகனங்களில் பின்சில்லுகளும் தனித்தனியே இயங்குவதால், அவற்றின் பின்கோணங்களையும் மாற்றலாம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீளத் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் பழைய வாகனங்களின் விலை ஏறியதோடு, துருப்பிடித்தவையும் பூச்சு பூசப்பட்டுச் சந்தைக்கு வந்தன. ஸ்ட்ரட்டின் மேல்முனை பொருந்தும் உடற்பகுதித் தகட்டை, அதாவது ஸ்ட்ரட் டவரை, பொனட்டைத் திறந்து மேலிருந்தும் சில்லைக் கழற்றிக் கீழிருந்தும் தட்டிப் பார்க்க வேண்டும். தகடு மெலிந்திருந்தால், அதை வெட்டிப் புதுத் தகடு ஒட்டும்வரை கோண மாற்றத்தில் இறங்கக்கூடாது. ஏனெனில் கேம்பர் பிளேட் என்னும் பாகம் தன் முழுச் சுமையையும் அத்தகட்டின் மீதே இறக்குகிறது.

மூன்று கோணங்கள்

வாகனத்தின் முன்னால் நின்று பார்க்கையில் சில்லு உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் அளவு கேம்பர் ஆகும். சில்லின் மேல்முனை உட்புறம் சாய்ந்தால் அது மறைக் கேம்பர், வெளிப்புறம் சாய்ந்தால் நேர்க் கேம்பர். பக்கத்திலிருந்து பார்க்கையில், சில்லு எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு காஸ்டர் ஆகும். மேலிருந்து பார்க்கையில் இரு சில்லுகளின் முன்விளிம்புகள் ஒன்றையொன்று நோக்கி இருந்தால் டோ இன், விலகி இருந்தால் டோ அவுட்.

டிரிஃப்டில் இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து வேலை செய்யும் விதத்தை மட்டும் புரிந்துகொண்டால் போதும். இடப்பக்க வளைவில் வாகனம் வழுக்கும்போது பாரம் வலப்பக்கம் விழுகிறது; செலுத்துநரோ ஸ்டியரிங்கை வலப்பக்கமே திருப்பிப் பிடித்திருக்கிறார். அந்நிலையில், பாரத்தைச் சுமக்கும் வலது முன்சில்லைக் காஸ்டர் நேர்க் கேம்பர் பக்கமாகத் தள்ளுகிறது: 7 பாகைக் காஸ்டர் உள்ள வாகனத்தில் சில்லு 40 பாகை திரும்பும்போது, காஸ்டரால் மட்டுமே ஏறக்குறைய 4.5 பாகை மாற்றம் உண்டாகும். நேராக நிற்கையில் போதிய மறைக் கேம்பர் வைக்கப்படவில்லையெனில், சறுக்கலின் நடுவில் அந்த டயர் தன் வெளிவிளிம்பில் மட்டும் நின்று பிடியை இழக்கும். டிரிஃப்ட் கார்களின் முன்சில்லுகள் கண்ணுக்குத் தெரியும்படி உள்ளே சாய்ந்திருப்பதற்குக் காரணம் இதுவே; அழகுக்காக அவ்வாறு வைப்பவர்கள் பின்சில்லுகளையும் சேர்த்துச் சாய்த்துவிடுவதால், உந்தும் சில்லின் பிடி வீணாகிறது.

காஸ்டரைக் குறைத்தால் இந்த இழப்பு குறையுமே என்று கருதத் தோன்றலாம். ஆயினும் சறுக்கல் தொடங்கியதும் ஸ்டியரிங் தானாகவே எதிர்ப்பக்கம் சுழன்று வருவது பெரும்பாலும் காஸ்டரினால் ஆகும். அது குறைந்த வாகனத்தில் செலுத்துநர் ஒவ்வொரு தடவையும் தம் கைப்பலத்தால் திருப்ப வேண்டியிருக்கும், பெரும்பாலும் பிந்தியும் விடுவார். எனவே காஸ்டரைத் தாராளமாக வைத்து, அதனால் இழக்கப்படும் கேம்பரை முன்கூட்டியே ஈடுசெய்வதே ஏற்ற வழி.

தரையையும் கருவிகளையும் தயார்செய்தல்

கோண அளவீட்டில் நேரும் பிழைகளில் பெரும்பங்கு தரையிலிருந்தே வருகிறது. தெல்தெனியப் பகுதியில் பெரும்பாலான வீடுகள் சரிவில் அமைந்தவை. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பழைய நகரம் மூழ்கியபின் மேட்டில் அமைக்கப்பட்ட புதுநகரத்திலும் முற்றங்கள் தண்ணீர் வடிவதற்காகச் சற்றுச் சாய்வாகவே சீமெந்து பூசப்படுகின்றன. இரு முன்சில்லுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 1,300 மில்லிமீற்றர் எனக் கொண்டால், தரையில் 6 மில்லிமீற்றர் ஏற்றத்தாழ்வு இருந்தாலே அளவில் கால் பாகைப் பிழை புகுந்துவிடும்.

1. நான்கு சில்லுகளும் நிற்கவேண்டிய இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறிக்க வேண்டும்.
2. மேசன்மார் பயன்படுத்தும் தெளிந்த நீர்மட்டக் குழாயில் குமிழியின்றித் தண்ணீர் நிரப்பி, நான்கு இடங்களின் உயரத்தையும் ஒப்பிட வேண்டும்.
3. தாழ்ந்த இடங்களில் தரை ஓடு அல்லது ஒட்டுப்பலகைத் துண்டுகளை அடுக்கி, வேறுபாடு 2 மில்லிமீற்றருக்குள் வரும்வரை சரிசெய்ய வேண்டும்.
4. முன்சில்லுகள் நிற்கும் இடத்தில், தடித்த இரு பிளாஸ்டிக் தாள்களுக்கிடையே கிரீஸ் தடவி வைக்க வேண்டும். இதனால் சில்லு தரையில் உராய்ந்து சிக்காமல், கோணம் மாறியதும் தன் இயல்பான நிலைக்கு வழுக்கி வந்து நிற்கும்.

இவற்றோடு தூக்குக்குண்டு, நைலோன் நூல், உருக்கு அளவுகோல், கோணமானி, ஜெக், இரு ஜெக் ஸ்டாண்ட், டோர்க் ரென்ச், வெள்ளைப் பெயின்ட், குறிப்பேடு ஆகியன போதுமானவை. கைப்பேசியிலுள்ள சாய்வுமானியையும் பயன்படுத்தலாம். ஆனால் அதைத் தூக்குக்குண்டோடு ஒருமுறையேனும் ஒப்பிட்ட பின்னரே நம்ப வேண்டும்.

பாதுகாப்பு: சரிவான முற்றத்தில் ஜெக் மட்டும் தாங்கும் வாகனத்தின் கீழ் ஒருபோதும் உடலை நுழைக்கக்கூடாது. தரையில் நிற்கும் சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைத்து, ஜெக் ஸ்டாண்ட் மீது வாகனத்தை இறக்கி, கையால் தள்ளி ஆட்டிப் பார்த்த பின்னரே கீழே வேலை தொடங்க வேண்டும். திட அச்சு வாகனத்தின் பின்சில்லுகள் தூக்கப்பட்டிருந்தால் கைப்பிரேக் எதையும் தடுக்காது என்பதையும் மறக்கலாகாது.

அளக்குமுன் சோதிக்க வேண்டியவை

தேய்ந்த பாகத்தின் மீது எடுக்கப்படும் அளவு அடுத்த நாளே மாறிவிடும். வாகனத்தை உயர்த்தி, முன்சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது தளர்வு தெரிந்தால் போல் ஜொயின்ட்டையும் வீல் பெயாரிங்கையும், பக்கவாட்டில் ஆட்டும்போது தெரிந்தால் டை ரொட் முனையையும் சந்தேகிக்க வேண்டும். லோவர் ஆர்ம் புஷ்ஷில் இரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிட வேண்டும். டயர்களின் காற்றமுக்கத்தை இருபுறமும் ஒரே அளவாக்கி, எண்ணெய்த் தாங்கியைப் பாதியளவு நிரப்பி, செலுத்துநரின் ஆசனத்தில் அவருடைய எடைக்குச் சமமான மணல் மூட்டையை வைத்து, வாகனத்தை முன்னும் பின்னும் சிறிது உருட்டி, நான்கு மூலைகளிலும் அழுத்தி விட்ட பின்னரே அளவீடு தொடங்க வேண்டும். வாகனத்தின் உயரத்தைக் குறைக்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே செய்து முடிக்க வேண்டும். உயரம் மாறினால் மூன்று கோணங்களும் மாறும்.

தற்போதைய நிலையை அளத்தல்

எதையும் தளர்த்துமுன், வாகனம் வந்த நிலையிலேயே எல்லா அளவுகளையும் எடுத்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். வேலை பாதியில் குழம்பினால் திரும்பிச் செல்வதற்கு வேறு வழி இல்லை.

கேம்பர்: தூக்குக்குண்டு நூலைச் சில்லின் நடுவுக்கு நேராகத் தொங்கவிட்டு, நூலிலிருந்து ரிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள தூரங்களை அளக்க வேண்டும். மேல்தூரம் அதிகமாயின் அது மறைக் கேம்பர். 14 அங்குல ரிம்மில் விளிம்புக்கு விளிம்பு ஏறக்குறைய 390 மில்லிமீற்றர் வருவதால், 6.8 மில்லிமீற்றர் வேறுபாடு 1 பாகையையும், 20.4 மில்லிமீற்றர் வேறுபாடு 3 பாகையையும் குறிக்கும். ரிம் சற்றே நெளிந்திருக்கலாம். ஆகையால் வாகனத்தை உருட்டிச் சில்லை அரைச்சுற்றுத் திருப்பி மீண்டும் அளந்து, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும்.

காஸ்டர்: சில்லை ஒருபக்கம் 20 பாகை திருப்பிக் கேம்பரை அளந்து, மறுபக்கம் 20 பாகை திருப்பி மீண்டும் அளந்து, இரண்டின் வித்தியாசத்தை ஒன்றரையால் பெருக்கினால் காஸ்டர் கிடைக்கும். ஒரு பக்கம் மறை 3, மறுபக்கம் நேர் 1 என்றால் வித்தியாசம் 4. காஸ்டர் ஏறக்குறைய 6 பாகை.

டோ: இதற்கு நூல் சட்டம் வேண்டும். வாகனத்தின் முன்னும் பின்னும் ஒரே நீளமான இரு குழாய்களைக் கிடையாக வைத்து, அவற்றின் முனைகளில் ஒரே இடைவெளியில் வெட்டிய தழும்புகளில் இருபக்கமும் நூலைச் சில்லின் மைய உயரத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். இடது முன்சில்லின் மையத்திலிருந்து இடது நூலுக்கும், வலது முன்சில்லின் மையத்திலிருந்து வலது நூலுக்கும் உள்ள தூரம் சமமாகும்வரை சட்டத்தை நகர்த்தி, பின்சில்லுகளுக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். முன், பின் தூரங்கள் தமக்குள் வேறுபடுவதில் தவறில்லை. பிறகு ஒவ்வொரு ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை அளந்தால், வித்தியாசமே அச்சில்லின் டோ. முன்விளிம்பு நூலிலிருந்து அதிகம் விலகியிருந்தால் டோ இன்.

குறிப்பு: உயரம் குறைக்கப்பட்ட திட அச்சு வாகனங்களில், அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்ட் ரொட் என்னும் தண்டு இருந்தால், அதன் சாய்நிலை மாறுவதால், பின் அச்சு முழுவதும் ஒருபக்கம் நகர்ந்திருக்கும். இடது பின்சில்லு மட்கார்டுக்குள் புதைந்தும் வலது பின்சில்லு வெளியே துருத்தியும் தெரிந்தால் காரணம் அதுவே. நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ரொட்டைப் பொருத்தி அச்சை நடுவுக்குக் கொண்டுவந்த பின்னரே நூல் சட்டத்தை நம்பலாம்.

தொடக்க அளவுகள்

கீழ்வரும் பெறுமானங்கள் 100 குதிரைவலுவை ஒட்டிய ஆற்றலும், 14 அல்லது 15 அங்குல ரிம்மும் கொண்ட பழைய வாகனத்தில் பழகத் தொடங்குபவருக்கு உரியவை. ஸ்டியரிங் திருப்பம் மிகுதியாக்கப்பட்ட போட்டி வாகனங்களில் முன்கேம்பர் மறை 5 பாகைவரை செல்வதுண்டு. அதைப் பார்த்துப் பின்பற்றுவது பயனற்றது.

மைதான அளவு: முன்கேம்பர் மறை 3.5 பாகை, காஸ்டர் 6 முதல் 7 பாகை, முன் டோ பூச்சியம் முதல் மொத்தம் 2 மில்லிமீற்றர் அவுட் வரை, தனித்தியங்கும் பின்சில்லாயின் பின்கேம்பர் மறை 0.5 முதல் 1 பாகை, பின் டோ மொத்தம் 1 முதல் 2 மில்லிமீற்றர் இன்.

வீதி அளவு: முன்கேம்பர் மறை 1.5 பாகை, காஸ்டர் மாற்றமின்றி அதே அளவு, முன் டோ மொத்தம் 1 முதல் 2 மில்லிமீற்றர் இன், பின்புற அளவுகள் மாற்றமின்றி.

காஸ்டரும் பின்கோணங்களும் இரண்டிலும் ஒன்றாகவே விடப்பட்டிருப்பது திட்டமிட்டது. மைதானத்துக்கும் வீதிக்கும் இடையே மாற வேண்டியவை முன்கேம்பரும் முன் டோவும் மட்டுமே என்றால், அந்த மாற்றத்தை மைதான ஓரத்தில் பழகிய கை விரைவில் முடித்துவிடும். பின்சில்லில் டோ அவுட் எந்நிலையிலும் வைக்கக்கூடாது. நனைந்த இறக்கத்தில் பிரேக்கை மிதித்ததும் பின்பாகம் திரும்பிவிடுவதற்கு அது வழிசெய்யும்.

சரிசெய்யும் வரிசை

உயரம், பின் அச்சு, காஸ்டர், கேம்பர், டோ என்பதே வரிசை. கேம்பரை மாற்றினால் டோ மாறும். டை ரொட் சில்லு மையத்துக்கு முன்னால் உள்ளதா பின்னால் உள்ளதா என்பதைப் பொறுத்தும், சாய்வு மேல்முனையில் செய்யப்பட்டதா கீழ்முனையில் செய்யப்பட்டதா என்பதைப் பொறுத்தும் அம்மாற்றத்தின் திசைகூட வேறுபடும். முதலில் டோவைச் சரிசெய்துவிட்டுப் பிறகு கேம்பரைத் தொடுபவர் அதே வேலையை இரண்டாம் முறையும் செய்ய நேரும்.

1. காஸ்டரை அமைத்தல். லோவர் ஆர்மை முன்னோக்கிப் பிடித்திருக்கும் டென்ஷன் ரொட் உள்ள வாகனங்களில், அதன் நட்டுகளைத் திருகி லோவர் ஆர்மின் வெளிமுனையை முன்னே நகர்த்த வேண்டும். ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் நகர்வு 1 பாகையைத் தரும். இருபக்கக் காஸ்டரும் அரைப் பாகைக்குள் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் வாகனம் நேர்வீதியில் காஸ்டர் குறைந்த பக்கம் இழுக்கும். சில்லு முன்னே நகர்ந்தபின் டயர் பம்பரின் பின்விளிம்பில் உரசுகிறதா என முழுத் திருப்பத்தில் பார்க்க வேண்டும்.

2. கேம்பரை அமைத்தல். ஸ்ட்ரட்டின் மேல்முனையில் கேம்பர் பிளேட் பொருத்துவதே இரு அளவுகளுக்கிடையே மாறுவதற்கு மிக வசதியானது. அதன் நான்கு போல்ட்டுகளையும் தளர்த்தி மேல்முனையை உள்ளே தள்ளினால், 10 மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 1 பாகை மறைக் கேம்பர் கூடும். ஆகவே மேலே குறிப்பிட்ட இரு அளவுகளுக்கும் இடையிலான தூரம் 20 மில்லிமீற்றர் அளவாகும். சில்லு தரையை விட்டு உயர்த்தப்பட்டிருக்கையில்தான் பிளேட் இலகுவாக நகரும். ஸ்ட்ரட்டின் கீழ்முனையிலுள்ள போல்ட் துவாரத்தை அரத்தால் நீட்டி கேம்பர் எடுப்பது சில கராஜ்களில் வழக்கமாக உள்ளது. சறுக்கலின் அதிர்வில் அந்த போல்ட் நழுவக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

3. இடைவெளிகளைச் சோதித்தல். அகன்ற டயர் பொருத்தப்பட்ட வாகனங்களில் சுருளின் தட்டுக்கும் டயருக்கும் இடையே விரல் நுழையும் இடமேனும் இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். அடுத்து, ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுதாகத் திருப்பி, முன் பிரேக் ஹோஸ் இழுபடவோ ரிம்மில் உரசவோ இல்லை என்பதைச் சில்லு தொங்கும் நிலையிலும் தரையில் நிற்கும் நிலையிலும் உறுதிசெய்ய வேண்டும். ஹோஸில் உரசல் தடம் ஒன்று காணப்பட்டாலும் அதை மாற்றாமல் வாகனத்தை வெளியே எடுக்கக்கூடாது.

4. டோவை அமைத்தல். ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கட்டி, டை ரொட்டின் பூட்டு நட்டைத் தளர்த்தி, இருபக்கமும் சமமாகத் திருக வேண்டும். ரெக் வகை ஸ்டியரிங்கில், இழை இடைவெளி 1.5 மில்லிமீற்றரும் ஸ்டியரிங் ஆர்ம் 130 மில்லிமீற்றரும் ஆயின், முழுச்சுற்று ஒன்று 14 அங்குல ரிம் விளிம்பில் ஏறக்குறைய 4.5 மில்லிமீற்றர் மாற்றத்தைத் தரும். டை ரொட்டில் ஸ்பேனர் பொருந்தும் பகுதி ஆறு முகம் கொண்டதாயின், ஒரு முகம் திருகுவது முக்கால் மில்லிமீற்றருக்குச் சமம். பழைய ஸ்டியரிங் பொக்ஸ் வாகனங்களில் டை ரொட்டின் நடுவே இருமுனையிலும் எதிரெதிர் இழை வெட்டிய ஸ்லீவ் காணப்படும். அதில் ஒரே சுற்று இரு முனைகளையும் நகர்த்துவதால் மாற்றம் இரட்டிப்பாகும். இந்த வேறுபாட்டை அறியாமல் திருகுவதே அளவு தாண்டிப் போவதற்கு வழக்கமான காரணம்.

5. இழைப்பிடியைச் சோதித்தல். டை ரொட் தன் முனைக்குள் அதன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கேனும் நுழைந்திருக்க வேண்டும். 14 மில்லிமீற்றர் தண்டாயின் ஏறக்குறைய 20 மில்லிமீற்றர். அதற்குக் குறைந்தால் நீளமான முனையை வாங்கிப் பொருத்துவதைத் தவிர வேறு தீர்வில்லை.

6. இறுக்குதல். இரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகள் அனைத்தும் வாகனம் தன் சொந்த எடையில் சில்லுகள் மீது நிற்கும்போதே இறுதியாக இறுக்கப்பட வேண்டும். சில்லு தொங்கும் நிலையில் இறுக்கினால், இரப்பர் முறுகியே நின்று, வாகன உயரத்தை மாற்றி, விரைவில் வெடிக்கும். இவ்வகை டொயோட்டா வாகனங்களின் சில்லு நட்டுகளுக்கு 103 நியூட்டன் மீற்றர் இறுக்கம் பொருந்தும். ஏனைய போல்ட்டுகளுக்கு அந்தந்த வாகனத்தின் பழுதுபார்ப்புக் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கை: சில்லு அதிகம் திரும்புவதற்காக ஸ்டியரிங் ஆர்மைக் குட்டையாக்கும் பாகங்களும் விற்பனைக்கு உள்ளன. திருப்பத்தின் முடிவில் டை ரொட்டும் ஸ்டியரிங் ஆர்மும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிட்டால், சில்லு அந்நிலையைத் தாண்டி மறுபக்கம் சிக்கி, ஸ்டியரிங்கால் மீட்க முடியாத நிலைக்குப் போகும். அதைத் தடுக்கும் திருப்ப எல்லைத் தடை இல்லாத வாகனத்தில் இப்பாகங்களைப் பொருத்தக்கூடாது. தொடக்க நிலையினர் நாடவே வேண்டியதில்லை.

இரு அளவுகளுக்கிடையே மாறுதல்

மைதான அளவும் வீதி அளவும் ஒருமுறை நூல் சட்டத்தில் சரியாக அமைக்கப்பட்ட பின், அவற்றை அடையாளமாக மாற்றி வைப்பதே எஞ்சிய வேலை. கேம்பர் பிளேட்டின் இரு நிலைகளுக்கும் ஸ்ட்ரட் டவரின் மீது வெள்ளைப் பெயின்ட்டால் மெல்லிய கோடு இழுக்க வேண்டும். பிளேட்டை வீதிக் கோட்டிலிருந்து மைதானக் கோட்டுக்கு நகர்த்திய பின், டோவை உரிய அளவுக்குக் கொண்டுவர டை ரொட்டை எத்தனை முகம், எப்பக்கம் திருக வேண்டியிருந்தது என்பதை இடம், வலம் எனத் தனித்தனியே குறிப்பேட்டில் பதிய வேண்டும். பதிவு இவ்வாறு அமையலாம்: “மைதானத்துக்கு: இடம் மூன்று முகம் நீட்டல், வலம் மூன்று முகம் நீட்டல், வீதிக்கு: அதையே குறுக்கல்.” எண்ணிக்கை ஒவ்வொரு வாகனத்துக்கும் வேறுபடும். டை ரொட்டின் மேல் முகத்தில் ஒரு புள்ளி பெயின்ட் வைத்துக்கொண்டால், மாலை வெளிச்சத்திலும் எண்ணிக்கை தவறாது.

பயிற்சி முடிந்ததும், களைப்பு மிகுந்திருந்தாலும், வீதி அளவுக்குத் திரும்பிய பின்னரே மைதானத்தை விட்டு வெளியேற வேண்டும். மறை 3.5 பாகையில் நிற்கும் முன்டயர் நேர்வீதியில் தன் உள்விளிம்பிலேயே பெரும் பாரத்தைத் தாங்குகிறது. பிரேக் பிடிக்கையில் முன்பக்கம் அழுந்த, அச்சாய்வு பொதுவாக மேலும் கூடுகிறது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நக்கிள்ஸ் மலைப்பக்கம் மூடுபனியும் மழையும் சேரும்போது, ஹுன்னஸ்கிரியவிலிருந்து இறங்கும் வாகனத்துக்குத் தேவைப்படுவது முழு டயர் அகலத்தின் பிடியே. டோ அவுட்டோடு ஓடும் வாகனம் வீதிப் பள்ளம் ஒவ்வொன்றிலும் பக்கம் மாறி இழுக்கும் என்பதும் குறுகிய வீதியில் சிறிய தொல்லை அன்று.

குறிப்பு: கண்டியிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள கணினி வீல் அலைன்மென்ட் நிலையமொன்றில் வீதி அளவை ஒருமுறை சரிபார்த்து, அச்சிட்ட தாளைக் குறிப்பேட்டில் ஒட்டி வைப்பது நல்லது. அங்குள்ள ஊழியர் கணினி காட்டும் தொழிற்சாலை அளவுக்கே வாகனத்தைக் கொண்டுவர முனைவார். அளந்து தந்தால் போதும், எதையும் மாற்ற வேண்டாம் என்பதை வாகனத்தை ஏற்றுமுன்னரே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மைதானத்தில் சோதித்தல்

சோதனை ஓட்டம் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி பெற்ற, வாயில் மூடப்பட்ட, மரமோ கல்லோ விளிம்பில் இல்லாத தளத்தில் மட்டுமே நிகழ வேண்டும். 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் தடத்தை விட்டு விலகிய கார் ஒன்று கூட்டத்தினுள் பாய்ந்து ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சிறு பிள்ளையும் இருந்தது. முறையான ஏற்பாட்டாளர்களைக் கொண்ட நிகழ்விலேயே இது நேர்ந்தது என்பதை மனத்திற்கொண்டு, பார்க்க வரும் நண்பர்களையும் உறவினர்களையும் வளைவின் வெளிப்பக்கத்தில் ஒருபோதும் நிற்கவிடக்கூடாது. அவர்கள் நிற்பதற்குரிய இடம் வளைவின் உட்பக்கமும் அன்று. ஓட்டம் தொடங்கும் இடத்துக்குப் பின்னால், திடமான தடுப்புக்கு அப்பால்.

1. தலைக்கவசமும் ஆசனப்பட்டியும் அணிந்து, முதலில் சறுக்காமல் மணிக்கு 20 முதல் 30 கிலோமீற்றர் வேகத்தில் இருபக்கமும் வட்டமிட்டு, உரசல் ஒலி கேட்கிறதா எனக் கவனிக்க வேண்டும்.
2. நிறுத்தி, கேம்பர் பிளேட் கோட்டிலிருந்து நகரவில்லை என்பதையும் சில்லு நட்டுகளின் இறுக்கத்தையும் பார்க்க வேண்டும்.
3. முன்டயர்களின் முகத்தில் சுண்ணக்கட்டியால் குறுக்குக் கோடு இழுத்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் சம எண்ணிக்கையில் சில சறுக்கல்களைச் செய்து நிறுத்த வேண்டும்.
4. கோடு எங்கே அழிந்துள்ளது என்பதைப் பார்க்க வேண்டும். வெளிவிளிம்பில் மட்டும் அழிந்து இரப்பர் சொரசொரப்பாக உருண்டிருந்தால் மறைக் கேம்பரை அரைப் பாகை கூட்ட வேண்டும். உள்விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் அரைப் பாகை குறைக்க வேண்டும்.
5. ஒரே நேரத்தில் ஒரு கோணத்தை மட்டும் மாற்றி, மீண்டும் டோவை அளந்து, அதே தளத்தில் அதே வளைவில் சோதிக்க வேண்டும்.

வாகனம் சறுக்கலுக்குள் செல்லத் தயங்கி நேராகவே போகிறதெனில், கோணங்களைத் தொடுமுன் முன்டயர்களின் காற்றைச் சோதிக்க வேண்டும். 32 பிஎஸ்ஐ அளவில் தொடங்கி, இரண்டிரண்டாக மாற்றிப் பார்ப்பது போதுமானது. சறுக்கலிலிருந்து மீளும்போது ஸ்டியரிங் கையைப் பறித்துக்கொண்டு சுழல்கிறதெனில், காஸ்டரை ஒரு பாகை குறைக்கலாம். அவ்வாறு குறைத்தால் வீதி அளவின் காஸ்டரும் அதுவேயாகும் என்பதால், குறிப்பேட்டின் இரு பக்கங்களையும் திருத்த வேண்டும்.

முதற்பயிற்சி முடிந்து வீடு திரும்பிய மறுநாள் பகல் வெளிச்சத்தில் டை ரொட் பூட்டு நட்டுகள், கேம்பர் பிளேட் போல்ட்டுகள், டென்ஷன் ரொட் நட்டுகள் ஆகியவற்றின் இறுக்கத்தை மீண்டும் சோதித்து, ஸ்ட்ரட் டவரைச் சுற்றிப் பெயின்ட்டில் மயிரிழை வெடிப்பு தோன்றியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். வெடிப்பின் நீளம் ஒரு விரல் அகலமே இருந்தாலும், ஒட்டுவேலை முடியும்வரை கேம்பர் பிளேட்டை வீதிக் கோட்டில் நிறுத்தி, வாகனத்தை மைதானத்துக்கு எடுக்காமல் வைக்க வேண்டும்.